அனாமத்து நாலு ரூபாய்

அப்பா போய் ஐந்து மாதம் ஆகிறது. அவருடைய சட்டை வேட்டிகளை எடுத்துக் கொடுக்க அம்மாவுக்கு மனசு வந்துவிட்டது. நோட்டுகளை மட்டும் தொடவிடவில்லை. மொத்தம் நாற்பத்தெட்டு. கல்யாணமான 1976-லிருந்து வருஷத்துக்கு ஒன்று, ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே ‘லாபம்’. வீட்டுச் செலவு நோட்டில் என்ன லாபம் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் ஒரு மண்டியில் முப்பத்தெட்டு வருஷம் கணக்கு எழுதினார். ஊருக்கு அவர் கணக்குப்பிள்ளை. கல்யாணப் பத்திரிகையில் பெயர் போட்டால் மட்டும் ‘அக்கவுண்டன்ட்’ என்று இருக்க வேண்டும். பருப்பு, வெல்லம், மிளகாய் என்று மூட்டை மூட்டையாக வரும். ஒரு மூட்டைக்குள் இறக்குக் கூலி, தரகு, தர்மத்துக்கான மகமை, சாக்கு விலை, லாரி வாடகை எல்லாம் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றையும் பிரித்து அன்றாடக் கணக்கான நாள்வழியில் எழுதி, தலைப்பு வாரியாகப் பேரேட்டில் ஏற்றி, வருஷக் கடைசியில் பற்றும் வரவும் நேராகிறதா என்று ஐந்தொகை போட வேண்டும். மிளகாய் வரத்து நாளில் அவர் வீட்டுக்குள் நுழைந்தால் நாங்கள் வரிசையாகத் தும்முவோம்.

மார்ச் மாதம் எங்களுக்கு அப்பா கிடையாது. ராத்திரி பதினொரு மணிக்கு வந்து, ஆறிய சோற்றை மோர் விட்டுச் சாப்பிட்டுக்கொண்டே வாய்க்குள் கூட்டிக்கொண்டிருப்பார். கணக்கு இடித்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. ஐந்தொகை இடித்தால் அவர் முதலில் பார்ப்பது வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதா என்று. வகுபட்டால் எங்கேயோ இலக்கம் இடம் மாறி உட்கார்ந்திருக்கலாம். 1,740-ஐ 1,470 என்று எழுதினால் வித்தியாசம் 270. எந்த இரண்டு இலக்கத்தை மாற்றிப் போட்டாலும் இப்படித்தான் வரும். வகுபடவில்லையா, வித்தியாசத்தில் பாதியைத் தேடு. பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதியிருப்பாய். பெருக்கல் வாய்ப்பாடு சரியாகப் படிக்காத எனக்கு இந்த இரண்டும் பத்து வயதில் மனப்பாடம்.

கணக்கு இடிக்காமல் இருந்தும் அவருக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. அனாமத்து. வெளியூர் வியாபாரி யாராவது விவரம் சொல்லாமல் பணம் கட்டிவிட்டுப் போனால் அதை அந்தத் தலைப்பில்தான் நிறுத்திவைப்பார்கள். யாருடையது என்று தெரிந்ததும் எடுத்து அவர் பெயரில் சேர்க்க வேண்டும். அப்பாவுக்கு அது செருப்புக்குள் போன கல். மார்ச் 31-க்குள் தர்மபுரிக்கோ நாமக்கல்லுக்கோ கார்டு மேல் கார்டு எழுதிக் கண்டுபிடித்துவிடுவார்.

சனிக்கிழமைகளில் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக்குக் கணக்கு எழுதப் போவார். எங்கள் படிப்புச் செலவுக்கென்று ஏற்றுக்கொண்ட வேலை. பள்ளி விடுமுறை என்றால் என்னையும் கூட்டிப்போவார். அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகளை எண்ண ஆரம்பிப்பார். ‘ஒன்று’ சொல்ல மாட்டார். மண்டியில் அளக்கிறபோது சொல்வதுபோல “லாபம், ரெண்டு, மூணு...” இருபதும் முடிவதற்குள் நான் எப்படியும் ஏழிலோ எட்டிலோ வாந்தி எடுத்துவிடுவேன். ஆரஞ்சுத் தோலை மூக்கில் பிடித்துவிட்டு எண்ணிக்கையை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

தோட்டத்து ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்து காபிப் பூ வாசனையில் நான் தூங்கிப்போவேன். கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் சில நாளில் செடியெல்லாம் வெள்ளை. மல்லிகை மாதிரியே மணக்கும். உள்ளே அப்பா முனகிக்கொண்டிருப்பார். அப்போது காபியைத் தோட்டக்காரர்கள் காபி போர்டிடம்தான் ஒப்படைக்க வேண்டும். பணம் தவணை தவணையாக வரும். “பழம் பறிச்சவ கூலிய அன்னிக்கே வாங்கிட்டுப் போயிட்டா, போன வருஷத்துச் சரக்குக்கு இன்னும் பாக்கி வரல. எப்படிக் கண்ணு இந்தக் கணக்க மூடறது?” பத்து வயதுப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது? தொண்ணூறுகளின் நடுவில் அந்த முறை போய், அவரவர் வெளியில் விற்கலாம் என்று வந்தபோது தோட்டத்து முதலாளியைவிட அப்பாதான் சந்தோஷப்பட்டார்.

இனி நாலு ரூபாய். 1988 ஆடி. கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு ஊரே கிளம்பியிருந்தது. ராட்டினத்துக்கும் வளையலுக்கும் அப்பா சட்டைப் பையிலிருந்து நான் நாலு ரூபாய் எடுத்தேன். எடுத்தேன் என்ன, திருடினேன். அன்று ராத்திரி நோட்டில் இருப்பு நாலு ரூபாய் இடித்தது. நான் பாயில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பதால் போகாது. பாதி ரெண்டு. ரெண்டு ரூபாய்ச் செலவு எதையாவது வரவில் எழுதிவிட்டாரா? கீரை, உப்பு, பஸ் சார்ஜ் என்று விரல் ஒவ்வொரு வரியாக இறங்குவது விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. ஒரு மணி நேரம் கழித்து எழுதினார்: அனாமத்து 4.00.

மண்டியில் ஒரு வருஷம் தாங்காத மனிதர், வீட்டில் அதை வருஷா வருஷம் புது நோட்டுக்கு எடுத்துச் சென்றார். ஏப்ரல் முதல் தேதி, முன் இருப்புக்கு அடுத்த வரி.

2001-ல் என் முதல் சம்பளம் வந்த அன்று சொல்லிவிட்டேன். ‘எனக்கு அப்பவே தெரியும் கண்ணு’ என்பார் என்று நினைத்திருந்தேன். அவருக்குத் தெரிந்திருக்கவேயில்லை. முகம் சிவந்துவிட்டது.

“பதிமூணு வருஷமா உங்கம்மாவச் சந்தேகப்பட்டுட்டு இருந்தனே!”

அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தம். “என்னையா? ஏனுங்க, என்னையா?”

அந்த வாரம் முழுக்க அம்மா அவரிடம் நேராகப் பேசவில்லை. என் மூலம்தான் தூது. அப்பா என்னிடம் நாலு ரூபாயைக் கையில் வாங்கிக்கொண்டு நோட்டை எடுத்தார். ‘மகள் மூலம் வரவு, அனாமத்து நேர் செய்தது’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

கடைசி நோட்டை அம்மா போன வாரம்தான் என் கையில் கொடுத்தார். கூடவே அப்பாவுடைய பர்ஸும். “எண்ணிப் பாரு கண்ணு, சரியா இருக்கான்னு.” ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் வரை எழுதியிருக்கிறார். நோட்டில் இருப்பு 1,318. பர்ஸில் 1,300. இரண்டு முறை எண்ணினேன்.

பதினெட்டு. ஒன்பதால் வகுபடுகிறது.

பழக்கத்தில் விரல் தானாக வரிகளில் இறங்கியது. கடைசிப் பக்கத்தில் அன்றாடம் பால் 42, பால் 42. அதற்கு நடுவில் ஒரு நாள், எழுத்து கொஞ்சம் சாய்ந்து: பால் 24.

அடித்துத் திருத்தக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு மேலே எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது அவர் சட்டம். பேனாவைத் திறந்தேன், மூடிவிட்டேன்.

“நேராச்சா கண்ணு?” என்றார் அம்மா.

“நேராச்சும்மா.”