யாரும் புகார் செய்யாத பிழைகள்

5 ஜூலை 2025, சனி

எங்கள் சதுரங்கத் தரவுத்தள மென்பொருளின் அடுத்த வெளியீட்டுக்காகக் குவிந்திருந்த 63 கோரிக்கைகளையும் இன்று சிங்கப்பூர் தோ பாயோ நூலகத்தில் உட்கார்ந்து வாசித்து முடித்தேன். நிரல் எழுத நாங்கள் மூவர்தான் இருக்கிறோம்: இங்கே நான், கோவையில் ஒருவர், பினாங்கில் ஒருவர். மூவருக்கும் பகல் வேலை உண்டு என்பதால், இருக்கும் இரவுகளை எதற்குச் செலவிடுவது என்பதே கேள்வி.

அதிகம் பேர் கேட்டிருப்பது கறுப்புத் திரை, அதாவது கண் கூசாத இருண்ட பின்னணி. அதற்கடுத்தது ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க இயந்திரத்தின் ஆய்வை இன்னும் அழகாகக் காட்டுவது. சதுரங்க இயந்திரங்களும் மற்ற நிரல்களும் பேசிக்கொள்ள 2000-இல் வந்த யூசிஐ நெறிமுறை வழியாக அந்த இயந்திரம் ஏற்கெனவே எங்கள் நிரலோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறது, ஆகவே மிஞ்சியிருப்பது ஒப்பனை வேலை மட்டுமே. சில காய்களே மிஞ்சிய நிலைகளுக்கெல்லாம் முடிவை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த முடிவாட்ட அட்டவணைகளை ஐந்து காய்களோடு நிறுத்திக்கொள்ளலாம். அது ஒரு ஜிபிக்குள் அடங்கும், ஆறு காய்களுக்குப் போனால் 150 ஜிபி ஆகிவிடும்.

வாக்கு எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தலாம் என்கிறார் பினாங்கு நண்பர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கறுப்புத் திரை வேண்டுபவர் முணுமுணுத்துக்கொண்டாவது மென்பொருளைப் பயன்படுத்துவார். ஒரு நிலை எத்தனை ஆட்டங்களில் வந்தது என்று தேடித் தவறான எண்ணிக்கையைப் பார்த்தவரோ அது தவறென்றே தெரியாமல் அதை நம்பித் தன் ஆட்டத்தைத் தயாரித்துக்கொண்டு போய்விடுவார். தெரியாத பிழைக்கு யார் வாக்களிப்பார்கள்?

9 ஜூலை, புதன்

அப்படிப்பட்ட பிழை ஒன்று இன்றிரவு கையில் சிக்கியது. வெள்ளைச் சிப்பாய் டி4 கட்டத்துக்கு, கறுப்புக் குதிரை எஃப்6-க்கு, வெள்ளைச் சிப்பாய் சி4-க்கு என்று ஆடினாலும், முதலில் சி4, பிறகு குதிரை எஃப்6, பிறகு டி4 என்று ஆடினாலும் பலகையில் வந்து நிற்பது ஒரே நிலைதான். எங்கள் மென்பொருள் இதை இரண்டு நிலைகளாக எண்ணிக்கொண்டிருந்தது.

காரணம் ஆன் பாசான் விதி: இரண்டு கட்டம் பாய்ந்த சிப்பாயை, அது ஒரு கட்டம் மட்டுமே நகர்ந்ததுபோல் பாவித்து, பக்கத்தில் நிற்கும் எதிரிச் சிப்பாய் அடுத்த நகர்த்தலிலேயே பிடிக்கலாம். எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதற்கு ஒவ்வொரு சமவாய்ப்பு எண் வைத்து, அவற்றையெல்லாம் எக்ஸார் என்ற பிட் கணக்கால் ஒன்றாக்கி நிலைக்கு ஒரு சாவி எண் உண்டாக்குவது 1970-இல் சோப்ரிஸ்ட் சொன்ன முறை. சிப்பாய் இரண்டு கட்டம் பாய்ந்தால் அது தாண்டிய கட்டத்தின் நெடுவரிசைக்கும் ஓர் எண் சேரும். மேலே சொன்ன முதல் நகர்த்தல் வரிசையில் கடைசியாகப் பாய்ந்தது சி சிப்பாய், இரண்டாவதில் டி சிப்பாய் என்பதால் சாவிகள் வேறாகிவிட்டன. அந்தச் சிப்பாயைப் பிடிக்க எதிரிச் சிப்பாய் ஒன்று பக்கத்தில் நின்றால்தான் அந்த எண்ணைச் சேர்க்க வேண்டும். ஆட்டத் தொடக்க நகர்த்தல்களைத் தொகுத்து வைக்கும் பாலிகிளாட் திறப்பு நூல் கோப்புகள் அப்படித்தான் செய்கின்றன. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் சேர்த்திருக்கிறோம், அதுவும் எழுதியவன் நானேதான்.

திருத்தம் நான்கு வரி. ஆனால் பயனர்களிடம் உள்ள தரவுத்தளங்களின் சாவிகளையெல்லாம் மறுபடி கணக்கிட வேண்டும். என் மடிக்கணினியில் நான்கு லட்சம் ஆட்டங்களுக்குப் பதினோரு நிமிடம் பிடித்தது. இதை வரிசையில் முதலில் வைத்துவிட்டேன்.

13 ஜூலை, ஞாயிறு

சமூக மன்றத்தில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுக்கும் அண்ணன் ஒருவரைக் கோப்பிக்கடையில் சந்தித்தேன். மடிக்கணினியைத் திருப்பிக் காட்டி, "தம்பி, என்கிட்ட அண்ணன் தம்பி ரெண்டு பேரு படிக்கிறாங்க. ஒங்க மென்பொருள் ரெண்டு பேரையும் ஒரே ஆளாக்கி வச்சிருக்கு," என்றார். பெயர்கள் இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன; போட்டிப் பட்டியலில் அடையாள அட்டையில் உள்ளபடி 'எஸ்/ஓ' போட்டுத் தந்தை பெயர் வந்திருக்கிறது. எங்கள் நிரல் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகவும் முதல் எழுத்தைச் சொந்தப் பெயராகவும் எடுத்துக்கொள்ள, தந்தை பெயரில் ஒரு புதிய ஆட்டக்காரர் பிறந்து, பிள்ளைகள் இருவரின் வெற்றி தோல்விகளையும் சுமந்துகொண்டிருந்தார்.

ஆட்டங்களைப் பதிந்துவைக்கும் பிஜிஎன் என்ற கோப்பு வடிவம் குடும்பப் பெயர், காற்புள்ளி, சொந்தப் பெயர் என்ற முறையை எதிர்பார்க்கிறது. சிங்கப்பூரில் ஒரே பள்ளிப் போட்டியில் குடும்பப் பெயரை முன்னால் எழுதும் சீனப் பிள்ளையும், 'பின்' என்று தந்தை பெயர் வரும் மலாய்ப் பிள்ளையும், குடும்பப் பெயரே இல்லாத நம் பிள்ளையும் அடுத்தடுத்த பலகைகளில் உட்காருகிறார்கள். பெரிய ஆட்டக்காரர்களின் கதையும் இதுதான். விஸ்வநாதன் ஆனந்தின் பெயரில் விஸ்வநாதன் என்பது தந்தை; பிரக்ஞானந்தாவுக்கும் வைஷாலிக்கும் ஆர் என்பது தந்தை ரமேஷ்பாபு. ஆனால் குகேஷின் டி, தொம்மராஜு என்ற குடும்பப் பெயர். கடந்த டிசம்பர் 12 அன்று செந்தோசாவில் டிங் லிரனை வென்று அவர் உலக வெற்றியாளரான ஆட்டத்தை வெவ்வேறு இடங்களிலிருந்து நான் இறக்கி வைத்திருந்தேன். பெயர் மூன்று விதமாக இருந்ததால் அது மூன்று ஆட்டங்களாகப் பதிவாகி, திறப்புப் புள்ளிவிவரத்தில் மும்மடங்காக எண்ணப்பட்டிருந்தது.

ஸ்கிட் என்ற இன்னொரு சதுரங்கத் தரவுத்தள மென்பொருள் இதற்கென்றே பெயர்த் திருத்தக் கோப்பு ஒன்றை வைத்திருக்கிறது. நாமும் அந்த வழியில் போகலாம், கூடவே உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே ஆட்டக்காரருக்குத் தரும் எண் இருந்தால் அதை முதல் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று கோவை நண்பருக்கு எழுதினேன். பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு அந்த எண் கிடையாது, அப்போது என்ன செய்வது என்று ஒரே வரியில் பதில் வந்தது.

20 ஜூலை, ஞாயிறு

மூவரும் பேசி முடித்தோம். சாவித் திருத்தம், பெயர் இணைப்பு, இரட்டைப் பதிவு நீக்கம் ஆகிய மூன்று மட்டும் இந்த வெளியீட்டில் வரும். பினாங்கு நண்பருக்கு முகம் வாடியது. கறுப்புத் திரையை நிரலின் தனிக் கிளையில் அவரே எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஃபிடே எண் இல்லாத பெயர்களை மென்பொருள் தானாக இணைக்காது, பயனரிடம் கேட்கும். முதலில் 'ஒருவரே', 'வேறுவேறு' என்று இரண்டு பொத்தான்கள்தான் வைத்திருந்தேன். மாலையில் மன்றத்து அண்ணன் தம் கோப்பில் 31 பெயர்களைச் சரிபார்த்தார். ஒன்பதாவது பெயரில் நின்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "இந்தப் பையன் யாருன்னு அவங்க அம்மாகிட்டதான் கேக்கணும்," என்றார். 'பிறகு பார்க்கலாம்' என்ற மூன்றாவது பொத்தானை வீட்டுக்கு வந்ததும் சேர்த்தேன்.