மூன்று மணித்தியாலக் கலியாணமும் நாற்பது செக்கன் அப்பாவும்

ஐப்பசி 4, 2025, சனி

ரொறன்ரோவிலிருந்து அண்ணா எடுத்தார். தீபாவளிக்கு அங்கே சொந்தக்காரர் எல்லோரும் கூடுகிறார்களாம். தன் கலியாண வீடியோவைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டுமாம். "முழுக்கப் போட்டா ஒருத்தரும் இருக்க மாட்டினம். அரை மணித்தியாலமா வெட்டி அனுப்படா. அப்பான்ர குரல் எங்கையும் கிடக்கோ எண்டும் பார்."

2003 ஆவணியில் நடந்த கலியாணம். அதற்கு முந்தின வருடம், போரால் மூடிக் கிடந்த யாழ்ப்பாண வீதியான ஏ9 பாதை திறந்ததால் கொழும்புச் சனமெல்லாம் பஸ்ஸில் வந்து இறங்கிய கலியாணம். வீடியோக்காரர் தந்த கசெட்டைப் பிறகு ஒரு கடையில் கொடுத்து இரண்டு டீவீடியாக்கி வைத்தோம். கசெட் பூஞ்சணம் பிடித்துப் போயிற்று. டீவீடிகள் அலுமாரியில், அம்மாவின் கூறைச்சேலைக்குக் கீழே கிடந்தன. மொத்தம் 3 மணி 10 நிமிடம்.

ஐப்பசி 5, ஞாயிறு

வீடியோ வெட்ட எனக்குத் தெரிந்த மென்பொருள் விண்டோஸ் மூவி மேக்கர் ஒன்றுதான். அதை மைக்ரோசொப்ட் 2017 தையிலேயே கைவிட்டுவிட்டது. 'இலவசம்' என்று போட்டிருந்த வேறொன்றை இறக்கி, இரண்டு மணித்தியாலம் மினக்கெட்டு வெட்டினேன். கடைசியில் வெளியே எடுத்துப் பார்த்தால் தாலி கட்டும் இடத்தில், அண்ணியின் கழுத்துக்குக் குறுக்கே, அந்த மென்பொருளின் பெயர். அழித்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுத் தம்பி டாவின்சி ரிசோல்வ் என்ற வெட்டும் மென்பொருளைப் போடச் சொன்னான். அதிலும் இலவசப் பதிப்பு உண்டு, நல்ல சாமான்தான். ஆனால் 4 ஜீபி நினைவகம் மட்டுமே உள்ள என் லப்டொப்பில் அதைத் திறப்பது கோயில் தேரை எங்கள் ஒழுங்கைக்குள் இழுக்கிற கதை. ஓப்பன்ஷொட், கேடன்லைவ், ஷொட்கட் மூன்றும் திறந்த மூல மென்பொருள்கள், அதாவது நிரல் எவருக்கும் திறந்திருக்கும், இலவசம். கணக்குத் திறக்கச் சொல்லாது, முத்திரை குத்தாது. ஷொட்கட்டை எடுத்தேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, முதலில் இறங்கி முடிந்தது அதுதான்.

ஐப்பசி 7, செவ்வாய்

டீவீடிக்குள் படம் துண்டு துண்டாகத்தான் இருக்கும், ஒவ்வொன்றும் 1 ஜீபிக்கு மேல் போகாது. அவற்றை ஹாண்ட்பிரேக் என்ற இன்னொரு இலவச மென்பொருளால் எம்பி4 ஆக்கினேன். ஓடவிட்டால், யாராவது கையை அசைத்ததும் கையோரம் சீப்புப் பல் மாதிரிக் கோடு கோடாக வருகிறது. டிஸ்க் பழுது என்றுதான் நினைத்தேன். இல்லை. அந்தக் காலக் கமெரா ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாக, ஒற்றை வரிகளை ஒருமுறையும் இரட்டை வரிகளை அடுத்தமுறையும் எடுக்கும். பழைய ரீவியில் தெரியாது, கணினியில் இரண்டு பாதியும் ஒன்றாக விழும்போது தெரியும். ஹாண்ட்பிரேக்கில் டீஇன்டர்லேஸ் என்பதைப் போட்டு இரவிரவாகத் திரும்ப ஓடவிட்டேன். கோடு போயிற்று.

ஐப்பசி 8, புதன்

இன்றைய முட்டாள்தனம்: அம்மா வாழ்த்துச் சொல்வதைக் கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்து, அதை முதலில் ஷொட்கட்டில் போட்டேன். முதலில் போடும் வீடியோ எப்படியோ, முழு வேலையும் அதே வடிவத்தை எடுத்துக்கொள்ளுமாம். கலியாணம் முழுக்க நடுவில் ஒரு பட்டியாக ஒடுங்கிப் போனது. புதிதாகத் தொடங்கி, கலியாணத்தை முதலிலும் அம்மாவைப் பிறகும் போட்டேன். சரி வந்தது.

ஐப்பசி 11, சனி

வெட்டுவது லேசு. வீடியோ ஓடும் இடத்தைக் காட்டும் கோட்டினை வெட்ட வேண்டிய இடத்துக்கு நகர்த்தி எஸ் அழுத்தினால் துண்டாகும், வேண்டாததைத் தொட்டு எக்ஸ் அழுத்தினால் போய், பின்னால் உள்ளது முன்னுக்கு வந்து ஒட்டும். மூல வீடியோவில் கை படாது, எங்கே வெட்டினோம் என்ற குறிப்பு மட்டும்தான் சேமிப்பில் இருக்கும். ஆகையால் மூலத்தை இடம் மாற்றக் கூடாது.

எதை வெட்டுவது என்பதுதான் பாடு. முதலில் போனது இதய வடிவங்கள். தாமரைக்குள்ளிருந்து அண்ணாவின் முகம் விரியும் காட்சி மட்டும் ஏழு தடவை! பிறகு மொய் கொடுக்கும் வரிசை, 48 நிமிடம். வெட்டக் கை வைத்தால், அந்த வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் இன்றைக்கு இல்லை. ஒவ்வொருவருக்கும் மூன்று செக்கன் விட்டேன். எட்டு நிமிடம் வந்தது. பரவாயில்லை, இருக்கட்டும்.

அப்பா வருகிறார், போகிறார், வாய் அசைகிறது. குரல் இல்லை. வீடியோக்காரர் தொடக்கம் முதல் முடிவு வரை சினிமாப் பாட்டை ஏற்றி, உள்ளே இருந்த சத்தத்தை எடுத்துவிட்டார். அப்போது அதைத்தான் வடிவு என்றோம்.

ஐப்பசி 13, திங்கள்

மழை. கரண்ட் போய், பற்றரியும் போனது. திரும்பத் திறந்தபோது ஷொட்கட் தானாகவே சேமித்ததை எடுக்கவா என்று கேட்டது. தப்பினேன். தலைப்புப் போட, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய எழுத்துரு முறையான பாமினியில் 'அம்மா' என்று அடித்தேன். திரையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி எழுத்துருவைத் தேர்ந்தால் தமிழாகும், ஆனால் எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் அடிப்பதுதான் பிறகு தலையிடி இல்லாதது.

ஐப்பசி 15, புதன்

கிடைத்தது! பொன்னுருக்கல், தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு. எங்கள் வீட்டு முற்றம், பொன் வேலை செய்யும் பத்தர் குழலால் ஊதுகிறார், ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஏறும் முன் நாற்பது செக்கன் இடைவெளி. பின்னால், படத்தில் இல்லாமல், அப்பா: "அவருக்குத் தேத்தண்ணி குடுத்தாச்சோ?"

அவ்வளவுதான். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். ஜெனரேற்றர் உறுமலும் சேர்ந்து கூடியது. தாழ்ந்த சத்தங்களை மட்டும் குறைக்கும் ஹைபாஸ் வடிகட்டி போட்டதும் உறுமல் தணிந்தது, அப்பாவின் குரல் சற்று மெலிந்தது. வடிகட்டியை எடுத்துவிட்டேன். உறுமலோடேயே இருக்கட்டும். கீழே எழுத்தும் போட்டேன்: 'பத்தருக்குத் தேத்தண்ணி கேட்கும் அப்பா'.

ஐப்பசி 18, சனி

34 நிமிடம். பெரிய ரீவிக்காகப் படத்தை இழுக்கவில்லை, இழுத்தால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். இரண்டு பக்கமும் கறுப்பு இருந்தால் என்ன. வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசித்துவிடும், டொகியுமென்ட் என்று இணைத்து அனுப்பினேன். யூரியூப்பில் போடவில்லை, அந்தச் சினிமாப் பாட்டுகளுக்கு உரிமைக்காரர் வருவார்கள்.

ஐப்பசி 19, ஞாயிறு

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பொன்னுருக்கலில் நிறுத்தச் சொன்னா. "பத்தர் அண்டைக்கு விரதமெல்லோ, அவர் ஒண்டும் குடிக்கேல்லை. கொப்பா கேட்டது வீடியோக்காரப் பெடியனுக்கு."

எழுத்தை மாற்றி, திரும்ப வெளியே எடுக்கவிட்டிருக்கிறேன். 27 சதவீதம் ஓடியிருக்கிறது. அண்ணாவுக்கு இன்னும் சொல்லவில்லை.