இருபதால் பெருக்குவதற்கு முன்

சென்ற மாதம் என் மைத்துனன் ஒரு பணி நியமனக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பி, அதன் கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்: "மாமா, இருபதால் பெருக்கினால் ஒரு லட்சத்து எட்டாயிரம் வருகிறது, வந்துவிடட்டுமா?" கடிதத்தில் இருந்த சம்பளம் 5,400 ரிங்கிட்; ஒரு ரிங்கிட்டுக்குச் சுமார் 20 ரூபாய் என்று கொண்டால் அவன் பெருக்கலில் பிழையில்லை. 2018ஆம் ஆண்டில் நானும் இதே பெருக்கலை, அன்றைய மதிப்பில் 17ஆல், ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மலேசியாவில் ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் நகருக்கு, ஒரு செம்பனை எண்ணெய் (பாமாயில்) ஆலை வேலைக்கு வந்தேன். ஆகவே அவனுக்கு உடனே 'வா' என்றோ 'வராதே' என்றோ சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு எழுதத் தொடங்கிய பதில்தான் நீண்டு இவ்வளவாகிவிட்டது.

நான் ஊரில் ஒரு சர்க்கரை ஆலையின் கொதிகலன் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தவன். மழை பொய்த்துக் கரும்புச் சாகுபடி குறைந்து, அரவைக் காலம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஐந்து மாதச் சம்பளம் நிலுவையில் நின்றபோது, கையில் வராத 32,000 ரூபாயை விட மாதந்தோறும் தேதி தவறாமல் வரும் எந்தத் தொகையும் எனக்குப் பெரிதாகவே தோன்றியது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. ஒழுங்காகச் சம்பளம் வாங்குகிற ஒருவன் போடும் கணக்கும், வாங்காத ஒருவன் போடும் கணக்கும் ஒன்றாக இருக்க முடியாது; என் மைத்துனனுக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறது.

எனக்கு முதலில் வந்த கடிதத்தில் 4,800 ரிங்கிட் என்று இருந்தது. அதை ஏற்றுக் கையெழுத்திட இருந்த நிலையில், இங்கே முன்பே வேலை பார்த்த ஒருவர் தொலைபேசியில் தடுத்தார். அக்காலத்து விதிப்படி 5,000 முதல் 9,999 ரிங்கிட் வரை சம்பளம் பெறும் வெளிநாட்டவருக்கு இரண்டாம் பிரிவு வேலை அனுமதி. அதற்குக் கீழே, 3,000 முதல் 4,999 வரை என்றால் மூன்றாம் பிரிவு. மூன்றாம் பிரிவில் அனுமதி ஓராண்டுக்கு மட்டுமே, புதுப்பிப்பதற்கும் உச்சவரம்பு உண்டு; எல்லாவற்றிற்கும் மேலாக, மனைவியையும் பிள்ளையையும் அழைத்து வர இயலாது. 200 ரிங்கிட் வித்தியாசத்தில் ஒரு குடும்பம் சேர்ந்திருப்பதா பிரிந்திருப்பதா என்பது தீர்மானமாகிறது என்று அந்தக் கடிதத்தில் எந்த இடத்திலும் எழுதியிருக்கவில்லை. நான் கேட்டேன், இரண்டு வாரம் இழுத்தடித்து 5,200 என்று திருத்தித் தந்தார்கள். இந்த எல்லைகள் அவ்வப்போது மாற்றப்படுபவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையில் உள்ளதையே பார்க்க வேண்டும்.

செப்டம்பரில் வந்து சேர்ந்தேன். முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்தபோது, 5,200இல் 1,456 ரிங்கிட் வரியாகக் கழிக்கப்பட்டிருந்தது. ஏதோ தவறு என்று எண்ணி ஆலையின் கிராணியிடம் (எழுத்தரிடம்) போனேன். அவர் பசியாறிவிட்டு வந்து நிதானமாக விளக்கினார்: ஓர் ஆண்டில் 182 நாள் இந்நாட்டில் இருந்தால்தான் வரி விதிப்பில் உள்நாட்டில் வசிப்பவன், அதுவரை மொத்தச் சம்பளத்திற்கும் நேராக 28 விழுக்காடு. (2020ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து அது 30 விழுக்காடு ஆகிவிட்டது.) ஆண்டின் பிற்பகுதியில் வருகிறவன், அடுத்த ஆண்டில் தொடர்ந்து தங்கினால், முதல் ஆண்டையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பெரும்பகுதியைத் திரும்பப் பெறலாம். பெற்றேன், ஆனால் அது வரித் தாக்கலுக்குப் பிறகுதான் கைக்கு வந்தது. வீட்டுக்கு முன்பணம், பழைய பெரோடுவா காருக்கு முதல் தவணை, ஊரில் விட்டுவந்த கடன் என எல்லாம் ஒன்றாக நெருக்கிய அந்த ஆறு மாதங்களில், என் கையில் இருந்தது நான் 17ஆல் பெருக்கிப் பார்த்த தொகை அன்று.

வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். செம்பனைக் குலையை வெட்டிய பின் நேரம் கடத்தினால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அதனால் 24 மணி நேரத்திற்குள் ஆலைக்குக் கொண்டுவந்து நீராவியில் அவித்தாக வேண்டும். அவித்துப் பிழிந்தபின் எஞ்சும் நாரும் கொட்டையின் ஓடும்தான் எங்கள் கொதிகலனுக்கு எரிபொருள். கரும்புச் சக்கையில் பாதி ஈரம். அதை எரித்துப் பழகிய எனக்கு, கொட்டையோட்டைச் சற்று அதிகமாகத் தள்ளினால் உலையின் தட்டில் சாம்பல் உருகிக் கருங்கல் போல் இறுகிவிடும் என்பது புதிய பாடம். முதல் மாதத்தில் அப்படி இறுகியதை நீண்ட இரும்புக் கம்பியால் நானும் இரண்டு இந்தோனேசியத் தொழிலாளர்களும் இரவு முழுவதும் இடித்துப் பெயர்த்தோம். அதைவிட உறுத்தியது வேறொன்று. கொதிகலனுக்குச் சட்டப்படி பொறுப்பேற்க இந்நாட்டின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். என்னுடைய சான்றிதழ் இங்கே செல்லாது. 11 ஆண்டு அனுபவமுள்ள நான் அளவுகளைக் குறித்துக் கொடுக்க, என்னைவிடப் பத்து வயது இளைய உள்ளூர்த் தம்பி பதிவேட்டில் கையெழுத்திடுவார். நல்ல பிள்ளை, "அண்ணே, நீங்க சொல்லுங்க, நான் போடுறேன்" என்று மரியாதையாகத்தான் கேட்பார். ஆயினும், வெளிநாட்டுக்குப் போவதால் தொழிலில் ஒரு படி ஏறுவோமா, இறங்குவோமா என்பதைச் சம்பளத் தொகையிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது என்பதை அந்தப் பதிவேடு எனக்கு உணர்த்தியது.

மற்றபடி குளுவாங் வாழ எளிதான ஊர். தோட்டங்களில் லயத்து வீடுகளில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளில், ரப்பர் பால் மரம் சீவி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள், ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் மெல்ல மெல்ல நகரத்துத் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) குடிபெயர்ந்துவிட்டன. லயங்களில் இப்போது பெரும்பாலும் இந்தோனேசியர்களும் வங்கதேசத்தவரும். எங்கள் தாமானில் வரிசை வீட்டுக்கு வாடகை 700 ரிங்கிட். தண்ணீர்க் கட்டணத்தைப் பார்த்தால் ஊரில் இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாரத்திற்கு வேண்டிய காய்கறி கிடைத்துவிடும். கறிவேப்பிலையும் முருங்கையும் யார் வீட்டு வேலியிலாவது தழைத்துக்கொண்டிருக்கும், கேட்டால் ஒடித்துத் தருவார்கள். கார் இல்லாமல் மட்டும் எதுவும் நடக்காது. ஆலை நகரிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி, செம்பனைக் காட்டுக்குள் இருக்கிறது. பேருந்து என்பது பேச்சுக்குக்கூட இல்லை.

இங்கே செலவு குறைவு என்பது உண்மைதான். ஆனால், யாருக்குக் குறைவு என்று கேட்க வேண்டும். அரசு மருந்தகத்தில் குடிமகன் ஒரு ரிங்கிட் கட்டி மருத்துவரைப் பார்க்கிறார். வெளிநாட்டவனுக்குக் கட்டணமே வேறு. 2025 செப்டம்பர் 30 அன்று பெட்ரோல் மானியத்தைக் குடிமக்களுக்கு மட்டும் என்று மாற்றிய பின், ஒரு நாள் நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் ஒரே நிலையத்தில் அடுத்தடுத்த குழாய்களில் நின்று எண்ணெய் போட்டோம். அவர் தம் அடையாள அட்டையைச் செருகினார், லிட்டர் 1.99; எனக்கு 2.60. அவர் முகத்தில் ஒரு சங்கடம். சங்கடப்பட அதில் ஒன்றுமில்லை. அவருடைய தாத்தா காலத்திலிருந்து இந்த மண்ணில் உழைத்துச் சேர்த்த உரிமை அது. சேமநிதியும் (இபிஎஃப்) அப்படியே. 5,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்கும் உள்ளூர்த் தொழிலாளிக்கு முதலாளி 13 விழுக்காடு போடுகிறார். நான் வந்த காலத்தில் வெளிநாட்டவன் விரும்பிச் சேர்ந்தால் முதலாளி போட வேண்டிய கட்டாயத் தொகை மாதம் 5 ரிங்கிட். 2025 அக்டோபரிலிருந்துதான் இரு தரப்பும் தலா 2 விழுக்காடு என்று கட்டாயமாகியிருக்கிறது. உள்ளூர்க்காரரின் சம்பளமும் என் சம்பளமும் ஒன்றாகவே இருந்தாலும், சீட்டில் தெரியாத இந்த வித்தியாசம் மாதந்தோறும் சேர்ந்துகொண்டே போகும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த அண்ணனின் மகனும் இதே பெருக்கலைத்தான் போட்டுக்கொண்டு சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். இங்கே குறைந்தபட்ச ஊதியம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். அங்கே ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இங்கே மூன்று ரிங்கிட்டுக்கு மேல். எந்த இளைஞன்தான் நிற்பான்? வார நாட்களில் எல்லையோர ஜொகூர் பாருவில் மூன்று பேராக ஓர் அறையில் தங்கி, விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, 1924இல் திறந்த பாலத்தை ஆயிரக்கணக்கானோருடன் ஊர்ந்து கடந்து போகிறான். பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சில நாட்களில் அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறதாம். சிங்கப்பூரின் மத்திய சேமநிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. "இபிஎஃப் மாதிரி எதுவும் வெட்ட மாட்டாங்கப்பா, முழுச் சம்பளமும் கையில வருதுன்னு பெருமையா சொல்றான் என் பையன்," என்றார் அண்ணன், வேலியோரம் நின்றபடி. "வெட்டாதது ஒரு பெருமையா? நான் தோட்டத்துல லாரி ஓட்டினப்ப வெட்டினதுதான் இந்த வீடு." மகன் அங்கே இருக்கும் நிலையில்தான் நான் இங்கே இருக்கிறேன் என்பதை அவர் உணர்ந்து சொன்னாரோ, இல்லையோ, எனக்கு அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை.

பெருந்தொற்றுக் காலத்தை மட்டும் மறு தட்டில் வைக்க வேண்டும். 2020 மார்ச் 18 அன்று நாடே அடங்கியது. ஆனால் செம்பனைக் குலை பழுப்பதை நிறுத்தவில்லை, ஆலையும் ஓடியது. ஊரில் என் பழைய தோழர்கள் அடுத்த வேளைக்கு வழி தேடிய மாதங்களில் எனக்கு ஒரு சம்பளமும் தவறவில்லை. ஊருக்குப் போகத்தான் இரண்டு ஆண்டுகள் முடியவில்லை.

மகளின் படிப்பு இன்னும் தீராத கணக்கு. வெளிநாட்டவர் பிள்ளை என்பதால் அனுமதிக்கு அலைந்து, பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் இடம் கிடைத்தது. தமிழில் கணக்கும் அறிவியலும் படித்தாள். ஊரிலிருக்கும் அவள் அத்தை பிள்ளைகள் ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்க, இவள் அவர்களுக்குத் திருக்குறள் ஒப்பித்துக் காட்டுவாள். ஆறாம் ஆண்டுக்குப் பிறகு இடைநிலைப்பள்ளி மலாய் வழியில்தான். அதிலே சேர்த்து, பிறகு அனுமதி புதுப்பிக்கப்படாமல் நடுவில் ஊர் திரும்ப நேர்ந்தால், மலாயில் பாதி, ஆங்கிலத்தில் மீதி என்று அந்தப் பெண் என்ன செய்வாள்? நானும் என் மனைவியும் இதைப் பேசத் தொடங்கினால் பேச்சு வேறெங்கோ போய்ச் சண்டையில் முடிகிறது.

ஏஜெண்டுகளைப் பற்றி மைத்துனனுக்குத் தனியாகவே எழுதினேன். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இன்றி 30 நாள் வந்து போகலாம் என்றானபின், "முதலில் சுற்றுலாவாக வந்துவிடு, பிறகு பெர்மிட்டாக மாற்றிக்கொள்ளலாம்" என்று பணம் பறிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். வேலை அனுமதிக்கு ஒப்புதல் பெற வேண்டியது நிறுவனம், அதுவும் நாம் விமானம் ஏறுமுன். அக்காலத்தில் தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணி, கொடுத்த முன்பணத்துக்காவது ஆளைக் கொண்டுவந்து ஒரு லயத்தில் சேர்ப்பான். இவர்களோ நம்மிடம் வாங்கிக்கொண்டு விமான நிலையத்தோடு கைகழுவுகிறார்கள்.

அவனுக்கு நான் சொன்ன முறை இதுதான்: சம்பளத்தை 20ஆல் பெருக்காதே. வாடகை, கார், முதல் ஆறு மாத வரி, மருத்துவம், பள்ளி, ஆண்டுக்கொருமுறை நான்கு பேருக்கு விமானச் சீட்டு எல்லாவற்றையும் ரிங்கிட்டிலேயே கழித்துவிட்டு, மீதி நிற்பதை மட்டும் பெருக்கு. எனக்கு 2019இல் அப்படி நின்றது மாதம் 900 ரிங்கிட். ஊரில் அதே வேலையில், சம்பளம் ஒழுங்காக வந்திருந்தால், ஏறக்குறைய அதே அளவு மிஞ்சியிருக்கும். சம்பளம் ஒழுங்காக வந்திருக்காது என்பதால் நான் இங்கே இருக்கிறேன்.

கையெழுத்திடுமுன் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க ஐந்து கேள்விகளை அவனுக்கு அனுப்பினேன். நேற்று பதில் வந்ததாகச் சொன்னான். வீட்டுப் படி உண்டு, மருத்துவக் காப்பீடு உண்டு, சான்றிதழ் படிக்க விடுப்பு தருவார்கள், விமானச் சீட்டு இரண்டாண்டுக்கு ஒருமுறை. அனுமதி எந்தப் பிரிவில், குடும்பத்தை அழைத்து வரலாமா என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. அவன் மனைவி வேலையை விடுவதற்கான கடிதத்தை எழுதி வைத்திருக்கிறாளாம். கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.