காலதாமதமாகக் கிடைத்தது

“அப்ப அந்தக் கடிதம் எனக்கு எண்டைக்குக் கிடைச்சது, அக்கா?” என்று அவர் கேட்டபோது, அனுப்புகைப் பதிவேட்டைப் புரட்டி அதிலிருந்த திகதியைச் சொன்னேன். அவர் கேட்டதில் கோபம் இருக்கவில்லை, நான் சொன்னதிலும் பொய் இருக்கவில்லை. மின்னஞ்சல் அன்றுதான் போனது, திரும்பி வரவுமில்லை. ஆயினும் ஒரு வருடம் கழிந்த பின்னும், அந்தக் கேள்விக்கு நான் சரியான பதிலைச் சொன்னேனா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

பார்வையற்ற அந்த இளைஞர் வாழ்வாதார உதவிக்கு விண்ணப்பித்திருந்தார். தொலைபேசியின் உதவியோடு தானே வாசிப்பேன், ஆகையால் பதிலை மின்னஞ்சலில் அனுப்புங்கள் என்று விண்ணப்பத்திலேயே கேட்டிருந்தார். அது எனக்கும் நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றியது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதையும், பதினான்கு நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்பதையும் தெரிவிக்கும் கடிதத்தை வழக்கம்போலப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன். பத்தொன்பதாம் நாள், தருமபுரத்திலிருந்து பரந்தன் சந்தியில் பஸ் மாறி, அவர் எங்கள் மேசைக்கு வந்து நின்றார்.

தொலைபேசியை என் பக்கம் நீட்டி, கடிதத்தின் முதற் சொல்லில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினார். “ஜே, பி, யு” என்றது ஆங்கிலக் குரல். எனக்கு முன்னதாக என் விரல்களுக்கு அது விளங்கிவிட்டது. பாமினியில் ‘திரு’ என்று அடிக்க நான் நாள்தோறும் தட்டும் விசைகள் அவைதாம். அவருடைய பெயருக்கு முன்னால் மரியாதைக்காக நான் இட்ட சொல் அவருடைய காதில் அப்படி விழுந்திருந்தது. பாமினி ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய எழுத்துரு. அந்த வடிவம் கண்ணுக்கு மட்டுந்தான் தெரியும். திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் திரைவாசிப்பான், அடியில் இருக்கும் ஆங்கில எழுத்தையே எடுக்கும். ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், தமிழுக்கென்றே தனிக் குறியீட்டெண்கள் இருப்பதால் அது தமிழாகவே வாசிக்கப்படும். இதை அன்றுதான் அறிந்தேன் என்று சொல்ல மாட்டேன். கேள்விப்பட்டிருந்தேன், என் மேசைக்கு வரும் விடயம் என்று நினைத்திருக்கவில்லை.

கடிதத்தை நானே அவருக்கு வாசித்துக் காட்டினேன். பின்னால் நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். ‘நிராகரிக்கப்பட்டுள்ளது’ என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தினேன், ஆனாலும் அவர்களுக்குக் கேட்டிருக்கும். திகதி கடந்துவிட்டது தெரிந்ததும்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். பிறகு அவர் சொல்லச் சொல்ல மேன்முறையீட்டை எழுதி, அவரிடம் கையொப்பம் வாங்கி, அன்றைய திகதி முத்திரையைக் குத்தினேன். கோப்பை உள்ளே கொடுப்பதற்கு முன் அதன் மேல் என் கையால் ஒரு குறிப்பு எழுதினேன்: “காலதாமதமாகக் கிடைத்தது. தங்கள் தீர்மானத்திற்கு.”

என்னை வருத்துவது அந்தக் குறிப்புத்தான். எமது கடிதம் விண்ணப்பதாரரால் வாசிக்கக்கூடிய வடிவில் அனுப்பப்படவில்லை என்று இன்னொரு வரி சேர்த்திருக்கலாம். பேனை கையில்தான் இருந்தது. அலுவலகத்தின் தவறை அலுவலகக் கோப்பிலேயே எழுதினால் யார், ஏன் என்று விளக்கம் கேட்கப்படும் என்ற தயக்கம் ஒன்று. பாமினியில் கடிதம் அனுப்பக்கூடாது என்று எங்களுக்கு எவரும் எழுத்தில் தந்திருக்கவில்லை என்பதும் உண்மை. அணுகும் வசதி என்றால் 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் சொல்லும் சாய்தளமும் கைப்பிடியும்தான் எங்கள் நினைவுக்கு வரும். அவை எங்கள் கட்டடத்தில் இருந்தன.

பின்னர், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தைத் தேடி வாசித்தேன். இலங்கை 2016 பெப்ரவரியில் அதை ஏற்புறுதி செய்திருக்கிறது. தொடர்பாடல் என்றால் என்ன என்று வரையறுக்கும் அதன் 2ஆம் உறுப்புரையில் பிரெய்ல், பெரிய எழுத்து ஆகியவற்றோடு, மனிதர் வாசித்துக் காட்டுவதும் சேர்க்கப்பட்டிருப்பதைக் கண்டபோது, உண்மையைச் சொன்னால், ஆறுதல் அடைந்தேன். நான் செய்ததும் அதுதானே. ஆனால் 21ஆம் உறுப்புரை, எந்த வடிவம் என்பதைத் தெரிவு செய்யும் உரிமையை அந்த நபருக்கே கொடுக்கிறது. அவர் ஏற்கெனவே தெரிவு செய்து, எழுதியும் தந்திருந்தார்.

கொழும்பிலிருந்து சிங்களத்தில் மட்டும் கடிதம் வரும்போது எங்கள் சனம் படும் பாட்டை நான் அறிவேன். என் அம்மா அப்படியான ஒரு கடிதத்தை உறையோடு எடுத்துக்கொண்டு, வாசிக்கத் தெரிந்தவரைத் தேடி மூன்று வீடு ஏறி இறங்கியிருக்கிறார். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதிய பின்னும் ஏன் இப்படி என்று நானே மேசையில் அடித்துப் பேசியிருக்கிறேன். அம்மாவிடம் யாராவது, உங்களுக்குக் கடிதம் அன்றைக்கே கிடைத்துவிட்டது என்று சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேனா?

ஒருங்குறியில் அடித்திருந்தால் இவ்வளவும் நடந்திராது என்று முடித்துவிடலாம். உடன் வேலை செய்பவர்களிடம் அப்படித்தான் சொல்லி வருகிறேன். சொல்லும்போதே, கோப்பின் மேல் எழுதிய குறிப்பு பாமினியில் எழுதப்பட்டதல்ல, பேனையால் எழுதப்பட்டது என்பதும் நினைவுக்கு வருகிறது.

அந்த மேன்முறையீட்டின் முடிவு வருவதற்குள் எனக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டது. இங்கே எல்லாவற்றையும் ஒருங்குறியில் அடிக்கிறேன். கையொப்பமிட்ட தாளை ஸ்கேன் செய்து அனுப்பினால் அது வெறும் படந்தான் என்பதால், கடிதத்தின் வாசகத்தை மின்னஞ்சலிலும் சேர்க்கிறேன். பழைய அலுவலகத்திற்கு, என் குறிப்பைத் திருத்தி இரண்டு தடவை கடிதம் வரைந்தேன். இரண்டும் இன்னும் என் கணினியில் இருக்கின்றன.