வெற்றுத்தாளின் அருமை அறிந்த ஆசிரியர்

பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைத்துப் பிழைப்பவன் நான் என்பதால், அமெரிக்க ஃபேஷன் இதழாசிரியர் கார்மல் ஸ்நோவைப் பற்றி ஒரு மாணவனின் நன்றியோடுதான் எழுத முடிகிறது.

அயர்லாந்தில் 1887ஆம் ஆண்டு பிறந்து, அமெரிக்காவில் உடை வணிகம் நடத்திய தாயிடம் துணியின் தரத்தைக் கற்று, 'வோக்' இதழில் வளர்ந்த அவர், 1932இல் போட்டி இதழான 'ஹார்ப்பர்ஸ் பஜாரு'க்கு மாறினார். பின்னர் ஏறத்தாழ கால் நூற்றாண்டு அதன் ஆசிரியராக விளங்கினார். ஸ்டுடியோவுக்குள் சிலைபோல் நின்ற மாடல் பெண்களை வெளியே கொண்டுவந்தது அவருடைய துணிச்சல். அவர் அமர்த்திய புகைப்படக்காரர் மார்ட்டின் முன்காச்சி எடுத்து, 1933 டிசம்பர் இதழில் வந்த படத்தில், கடற்கரையில் ஓடிவரும் பெண்ணின் மேலங்கி காற்றில் பின்னோக்கிப் பறக்கிறது. பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் டியோரின் 1947ஆம் ஆண்டு உடைகளுக்கு 'நியூ லுக்' என்ற பெயர் நிலைத்ததும் அவர் சொல்லால்தான்.

ஆனால் என்னை ஆட்கொண்டது வேறு. அலெக்சி ப்ரோடோவிச் அமைத்த கண்காட்சியைக் கண்டதும் 1934இல் அவரைக் கலை இயக்குநராக்கி, பக்கத்தின் பெரும்பகுதியை வெள்ளையாகவே விடும் உரிமையை ஸ்நோ அவருக்குக் கொடுத்தார். காசு கொடுத்து வாங்கிய தாளைச் சும்மா விடுவதா என்று எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் சென்ற மாதம் என் வடிவமைப்பைத் திருப்பி அனுப்பியபோது, வீட்டிலிருந்த பத்தமடைப் பாயை விரித்துக் காட்டினேன்: ஓரத்தில் மட்டும் சிவப்புக் கரை, நடுவெல்லாம் வெறும் கோரை. அவர் நெடுநேரம் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.