வேண்டாங்க

மிச்சிகனுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில், உடன் வேலை செய்பவர் வீட்டுக்குப் போயிருந்தேன். காபி குடிக்கிறீர்களா என்று கேட்டார். பரவாயில்லை, வேண்டாம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுத் தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே பனி, கண்ணுக்கு நேரே ஆவி பறக்கும் கோப்பை. சேலத்தில், எங்கள் அம்மாப்பேட்டை வீட்டில், "வேண்டாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் டம்ளர் கைக்கு வந்துவிடும். வாய் மறுத்தாலும் குரலில் இருப்பது வெறும் கூச்சம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். இந்த மனிதர் காதில் அது விழவே இல்லையா என்று இரண்டு நாள் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

திட்டியது தப்பு. சொல்லும் குரலும் முட்டிக்கொண்டால் மூளை எந்தப் பக்கம் சாயும் என்று உளவியலாளர்கள் கேய்கோ இஷி, ரேயெஸ், ஷினோபு கிடயாமா மூவரும் 2003-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கிடயாமா எங்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரர். நல்ல சொல்லைக் கடுகடுப்பான குரலிலும் கெட்ட சொல்லை இனிய குரலிலும் ஒலிக்கவிட்டு, ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் கவனிக்கச் சொல்வார்கள். எதை விட முடியாமல் தடுமாறுகிறோமோ, அதைத்தான் மூளை தானாகப் பிடித்துக்கொள்கிறது. அமெரிக்கர்களால் சொல்லை விட முடியவில்லை. ஜப்பானியர்களுக்கும் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கும் குரலை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. இருமொழி தெரிந்த அந்தப் பிலிப்பைன்ஸ்காரர்கள், தங்கள் தகலோக் மொழியில் கேட்டாலும் ஆங்கிலத்தில் கேட்டாலும் குரல் பின்னாலேயே போனார்கள். தமிழரை வைத்துச் செய்தாலும் குரல்தான் ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டத் தயாராக இருந்தேன்.

ஒன்பது வருஷம் கழித்து, போன மாதம் ஊருக்குப் போனேன். சாயங்காலம் பெரியம்மாவோடு தட்டுவடை செட் கடைக்கு. "எனக்கெதுக்குடா கண்ணு, நீ சாப்பிடு" என்றார். சரி என்று ஒரு தட்டு மட்டும் சொன்னேன். தட்டுவடை மேல் சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், அதை மூடினாற்போல் இன்னொரு தட்டுவடை. மூன்றாவதை வாயில் போடும்போதுதான் கவனித்தேன், பெரியம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இந்தாங்க்கா, காரம் கம்மியாத்தான் வெச்சிருக்கேன்" என்று இன்னொரு தட்டை அவர் கையில் கொடுத்தார்.

"வேண்டாம்னுதானே சொன்னேன்" என்றபடியே பெரியம்மா வாங்கிக்கொண்டார்.