வேன் முன் சீட்டிலிருந்து பார்த்த என் ரோடு

போன கார்த்திகையில் என் பைக் சர்வீஸில் இருந்த இரண்டு நாளும் கம்பெனி வேனில்தான் வீட்டுக்கு வந்தேன். செகண்ட் ஷிப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து படப்பைக்கு, இரவு பதினொன்றரைக்கு மேல், விடாத தூறல். பின்னால் எல்லாரும் தூங்கிவிட்டார்கள், டிரைவர் அண்ணனுக்குப் பேச்சுத் துணை வேண்டும் என்று என்னை முன் சீட்டில் உட்காரச் சொன்னார். ஏழு வருடமாக அதே வண்டலூர் வாலாஜாபாத் ரோட்டில் பைக்கில் போய் வருகிறேன். எங்கே பள்ளம், நடுத்தடுப்பில் திரும்புவதற்கு விட்டிருக்கும் எந்தக் கட்டிங்கில் ட்ரெய்லர் திரும்பும் என்றெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அன்றைக்கு அந்த ஈரக் கண்ணாடி வழியாகப் பார்த்தது எனக்குத் தெரிந்த ரோடே இல்லை.

வைப்பர் ஒரு தடவை துடைத்துவிட்டுப் போகும், அடுத்த நொடியே எதிர் வண்டி வெளிச்சம் அத்தனை துளியிலும் சிதறும். அப்படி ஒரு லாரி எங்களைக் கடந்த உடனே அண்ணன் சட்டென்று பிரேக்கை மிதித்தார். முன்னால் ஒரு பைக். கறுப்பு ரெயின்கோட், கறுப்பு ஹெல்மெட், பின்னால் விளக்கே இல்லாத மாதிரி ஓர் உருவம். வலது பக்கம் ஒடித்துத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். எங்கள் லைனில் என் பக்கத்தில் நின்று வேலை செய்கிற பையன். பத்து நிமிடம் முன்னால்தான் கேட்டில் கை காட்டிவிட்டுக் கிளம்பினான்.

"நானும் ரோட்டைத்தான் அண்ணே பாத்துக்கிட்டிருந்தேன், எனக்கும் தெரியல" என்றேன். அவர் கொஞ்ச தூரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார்: "மழைன்னா தினம் ரெண்டு பேரையாவது இப்படிக் கடைசி நேரத்துலதான் தம்பி பாக்குறேன். நாம லைட் போட்டிருக்கோம், பின்னாடி வர்றவன் பாத்துக்குவான்னு போயிட்டிருக்காங்க. எனக்கு நெஞ்சு அடிச்சுக்குறது அவங்களுக்குத் தெரியாது."

அவன் போட்டிருந்த அதே ரெயின்கோட்தான் என்னிடமும் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கினோம்.

இந்தியாவில் 2022-இல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் நூற்றுக்கு 44-க்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த வருடம் விபத்து எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாடு, 64,105. இந்த எண்களை முன்பே எங்கோ படித்திருக்கிறேன், படித்துவிட்டுக் கடந்தும் போயிருக்கிறேன். அந்த இரவுக்குப் பிறகு முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சானை அவர் காரோடு வரச் சொன்னேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் பிளாட் போட்டு இன்னும் விளக்குக் கம்பம் நடாத லேஅவுட் ஒன்று இருக்கிறது, நல்ல இருட்டு. அவர் காரில் ஹெட்லைட்டை டிம்மில் வைத்துக்கொண்டு உட்கார, நான் அதே கறுப்பு ரெயின்கோட்டைப் போட்டு என் பைக்கில் முதுகைக் காட்டியபடி உட்கார்ந்தேன். அவர் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டே போய், நான் எந்த இடத்தில் மறைகிறேன் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். முப்பத்தைந்து தப்படி. அதற்கு மேல் "ஏதோ நிக்குற மாதிரி இருக்கு, வண்டியா குப்பை மூட்டையான்னு தெரியல" என்றார். முப்பத்தைந்து தப்படி என்றால் சுமார் 25 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். ஆக அந்த வேகத்தில் வரும் வேன் டிரைவருக்குக் கிடைப்பது ஒன்றரை விநாடி, அதில் கால் பிரேக்குக்குப் போய்ச் சேரவே ஒரு விநாடி ஆகிவிடும். மீதி அரை விநாடியில் வேன் நிற்காது.

அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. மச்சான் இறங்கி வந்து, "உன் டெயில்லைட் எரியவே இல்லையே" என்றார். நான் நம்பவில்லை, பிரேக்கைப் பிடித்தேன், பளிச்சென்று எரிந்தது. விட்டேன், இருட்டு. பழைய மாடல் வண்டிகளின் பின் பல்புக்குள் இரண்டு இழை இருக்கும். எப்போதும் எரிய வேண்டியது 5 வாட், பிரேக் பிடித்தால் எரிவது 21 வாட். அந்தச் சின்ன இழை மட்டும் போய்விட்டது. பிரேக் லைட் எரிவதைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் எத்தனை வாரம் ஓட்டினேனோ! இரண்டு டீ குடிக்கிற காசுதான் அந்த பல்பு. இப்போது தினமும் வேலைக்குக் கிளம்புமுன் வண்டியைக் காம்பவுண்டு சுவர் பக்கம் முதுகைக் காட்டி நிறுத்தி, சுவரில் சிவப்பு விழுகிறதா, பிரேக் பிடித்தால் அது கூடுகிறதா என்று பார்க்கிறேன். பத்து விநாடி வேலை. தயவுசெய்து இன்றைக்கே ஒரு தடவை பாருங்கள், எல்இடி விளக்கு வண்டியாக இருந்தாலும் பாருங்கள். அதிலும் வயர் போகும், கண்ணாடி மேல் சேறு அப்பும். ரெயின்கோட்டின் பின்பக்கம் சீட்டைத் தாண்டித் தொங்கி விளக்கை மூடுவது இன்னொன்று, அதை உட்காரும்போதே தொடைக்கு அடியில் மடித்துவிட வேண்டும்.

சரி, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் பட்டைக்கு வருகிறேன். நம்மூரில் எல்லாரும் ரேடியம் ஸ்டிக்கர் என்றுதான் சொல்கிறோம், அதில் ரேடியம் எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத சின்னக் கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ இருக்கும், எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் வந்ததோ அதே பக்கத்துக்குத் திருப்பி அனுப்பும். அதனால்தான் பக்கத்தில் நிற்பவருக்குச் சாதாரணமாகத் தெரிவது, ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் டிரைவர் கண்ணுக்கு விளக்கு மாதிரி எரிகிறது. நிறைய பேர் குழப்பிக்கொள்வது கிளிப்பச்சை, ஆரஞ்சு ஜாக்கெட் விஷயத்தில். அந்தப் பளீர் நிறம் சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிரால் மின்னுவது, பகலில் ரொம்ப நல்லது, மேகமூட்டத்திலும் நன்றாகத் தெரியும், ஆனால் இரவில் அதுவும் வெறும் துணிதான். இரவுக்கு வேலை செய்வது அந்த ஜாக்கெட் மேல் தைத்திருக்கும் சாம்பல் நிறப் பட்டை. வாங்கும்போது அந்தப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள், கடையிலேயே மொபைல் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடித்தால் தெரிந்துவிடும்.

நான் ரேடியம் கடையில் வாங்கிய ஒரு சுருளில் ஹெல்மெட்டின் பின்புறம், பின் மட்கார்டு, ரெயின்கோட் முதுகு, ஷூவின் குதிகால் என்று ஒட்டினேன். பின்னாலிருந்து தெரிவதற்குச் சிவப்பு, பக்கத்துக்கு மஞ்சள், முன்னால் வெள்ளை. லாரிகளில் இந்த வரிசைதான், டிரைவர்களின் கண்ணுக்குப் பழகியதும் அதுதான். மறுபடி அதே லேஅவுட், அதே மச்சான். நூற்றைம்பது தப்படி போய் லேஅவுட் வாசல் வந்துவிட்டது, அதற்கு மேல் போக இடமில்லை, அப்போதும் தெரிகிறது என்றார்.

ஹெல்மெட் நிறத்தையும் மாற்றிவிட்டேன். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2004-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பளீர் நிற உடையோ ஒளியைத் திருப்பும் உடையோ அணிந்தவர்களுக்குக் காயம்படும் விபத்தின் வாய்ப்பு 37 சதவீதம் குறைவு, கறுப்பு ஹெல்மெட்டை விட வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதம் குறைவு, பகலிலும் ஹெட்லைட் போட்டவர்களுக்கு 27 சதவீதம் குறைவு. இப்படி உடுத்துகிறவர் இயல்பாகவே நிதானமாக ஓட்டுகிறவராகவும் இருக்கலாம், அதனால் முழுப் பெருமையையும் நிறத்துக்கே கொடுக்க மாட்டேன். ஆனாலும் புது ஹெல்மெட் வாங்கும்போது கறுப்புக்குப் பதில் வெள்ளை எடுத்ததில் எனக்கு என்ன நஷ்டம்? ஐஎஸ்ஐ முத்திரை, தாடைக்குக் கீழே வாரை இறுக்கி மாட்டுவது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது, தெரிந்தும் செய்யாமல் இருப்பதுதான் பிரச்சினை. டாங்கில் மாட்டிய ஹெல்மெட் டாங்கைத்தான் காப்பாற்றும்.

பகல் ஹெட்லைட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2017 ஏப்ரலிலிருந்து வரும் இருசக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடினாலே விளக்கும் எரியும். இன்னும் சிலர் எதிரே வரும்போது "லைட் எரியுது" என்று விரலை மடக்கி விரித்துக் காட்டுகிறார்கள், நல்ல மனசில்தான். ஆனால் மெக்கானிக்கிடம் போய் தனியாக ஒரு ஸ்விட்ச் போட்டு அதை அணைத்து வைப்பவர்களைப் பார்த்தால் கஷ்டமாக இருக்கிறது. பைக் ஒல்லியான பொருள். எதிரே வரும் காருக்கு இரண்டு விளக்கு, நெருங்க நெருங்க இரண்டும் விலகிக்கொண்டே வருவதை வைத்து அது எவ்வளவு வேகமாக வருகிறது என்று மூளை கணக்குப் போட்டுவிடும். நமக்கு ஒரே புள்ளி, அது வெகுநேரம் புள்ளியாகவே இருந்து கடைசியில்தான் சட்டென்று பெரிதாகும். கட்டிங்கில் திரும்பக் காத்திருக்கும் கார்க்காரர் நம்மைப் பார்த்தும் "தூரத்துல வர்றான், திரும்பிடலாம்" என்று திரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். அவரைத் திட்டிப் பயனில்லை. அப்படி ஒரு கார் முகம் நீட்டி நிற்பதைப் பார்த்ததும் ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி, பிரேக் மேல் விரலை வைத்துக்கொண்டு, நமக்கு இடமிருந்தால் லேனுக்குள்ளேயே கொஞ்சம் இடம் மாறி ஓட்டுவது நல்லது. நேர்கோட்டில் வருவதை விடப் பக்கவாட்டில் நகர்வது கண்ணில் படும். கார் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் தூணுக்குப் பின்னால் ஒரு பைக் முழுசாக ஒளிந்துகொள்ளும் என்பதையும் அந்த வேன் சீட்டில்தான் கண்ணால் பார்த்தேன்.

ஒரகடம் பக்கம் போகிறவர்களுக்குத் தனியாக: கார் ஏற்றிப் போகும் நீள ட்ரெய்லரும் கன்டெய்னரும் இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் முதலில் வலது பக்கம் அகலமாக ஒதுங்கும். இடது பக்கம் பெரிய சந்து கிடைத்த மாதிரி இருக்கும். அதில் நுழையவே கூடாது. அந்தச் சந்தில் நாம் இருப்பது டிரைவருக்குத் தெரியாது. அவர் கண்ணாடியில் அவர் முகம் நமக்குத் தெரியவில்லையென்றால் நம் முகமும் அவருக்குத் தெரியவில்லை, இதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்.

ஹசார்டு லைட் போட்டுக்கொண்டு மழையில் ஓட்டுகிறவர்களே, நாலு இண்டிகேட்டரும் மினுக்கினால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது. நின்றால் போடுங்கள், போகும்போது வேண்டாம்.

எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய கவலை அப்பா. உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊர். விடியற்காலை நாலரைக்கு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் இரண்டு பக்கமும் பால் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு சொசைட்டிக்குப் போவார், சாயங்காலம் பின்னால் ஒரு ஆள் உயரத்துக்குப் புல்லுக்கட்டு. பின்னாலிருந்து பார்த்தால் விளக்கு, நம்பர் பிளேட், இண்டிகேட்டர் எதுவும் தெரியாது, ஒரு புல்லுக்கட்டு தானாக நகர்ந்து போகும். மார்கழிப் பனியில் அந்த ஏரிக்கரை வளைவில் கையை நீட்டினால் கை தெரியாது. கரும்பு சீசனில் டிராக்டர் வேறு.

ஊருக்குப் போய் ரேடியம் சுருளை எடுத்ததும், "இதெல்லாம் எதுக்குடா, நாப்பது வருஷமா ஓட்டுறேன், ஊர்ல எல்லாருக்கும் என்னைத் தெரியும்" என்றார். "ஊர்க்காரங்களுக்குத் தெரியும்பா, செங்கல் லோடு ஏத்திட்டு வர்ற டிரைவருக்குத் தெரியுமா?" என்றேன். பதில் சொல்லவில்லை. வேன் கதையையும் முழுசாகச் சொன்னேன், அந்தப் பையன் என் பக்கத்தில் வேலை செய்கிறவன் என்பது வரை. எழுந்து போய்க் கேன் இரண்டையும் கழுவித் துடைத்துக் காயவைத்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கேனின் பின்பக்கம் சிவப்பு, வெளிப்பக்கம் மஞ்சள். புல்லுக்கட்டுக்கு என்ன செய்வது என்று யோசித்து, கட்டும் கயிற்றிலேயே ஒரு பழைய ரெக்ஸின் துண்டைக் கோர்த்து அதில் பெரிதாகச் சிவப்புப் பட்டை ஒட்டினோம். கட்டின பிறகு அதைப் பின்பக்கம் இழுத்து விட்டுக்கொண்டால் போதும். மறுநாள் சொசைட்டியில் இன்னும் மூன்று பேர் மிச்சச் சுருளைக் கேட்டிருக்கிறார்கள், கொடுத்துவிட்டு வந்தேன்.

அம்மாதான் பாக்கி. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அப்பா பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்துதான் போவார், தலையில் ஒன்றும் இல்லாமல். முழு ஹெல்மெட் போட்டால் மூச்சு முட்டுகிறது, கொண்டை இடிக்கிறது என்கிறார், அது உண்மைதான், போட்டுப் பார்த்தேன். கொண்டையைப் பிடரிக்குக் கீழே தாழ்த்திப் போட்டால் முகம் திறந்த ஹெல்மெட் உட்காருகிறது. நெற்றிக்கு மேலே டேப்பைச் சுற்றி அளவு எடுத்தேன், 54 சென்டிமீட்டர். சம்பளம் வந்ததும் அதே அளவில் வெள்ளையில் ஒன்று, ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து, செங்கல்பட்டில் வாங்க வேண்டும். "சிவப்பு ஸ்டிக்கர் மட்டும் வேணாம்டா, மஞ்சள் ஒட்டு" என்று சொல்லியிருக்கிறார். பின்பக்கத்துக்கு மட்டும் சிவப்பு வேண்டும் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.